ஒற்றைப் புள்ளியும் ஐந்து நாள் பொறுமையும்

2022 அக்டோபர் 15, சனிக்கிழமை பிற்பகல். தென்கொரியாவில் சியோலுக்குத் தெற்கே பான்க்யோ என்ற இடத்தில் ஒரு தரவு மையம். கரன்ட் போனால் கைகொடுக்கட்டும் என்று அதன் அடித்தளத்தில் அடுக்கி வைத்திருந்த லித்தியம் பேட்டரிகள் தீப்பற்றிக்கொண்டன. தண்ணீர் பீய்ச்ச வேண்டுமானால் கட்டடத்தின் மின்சாரத்தை அடியோடு நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினார்கள். அங்கே ககாவ் நிறுவனத்துக்கு மட்டும் சுமார் 32,000 சர்வர்கள் இருந்தன. நாடே புழங்கும் ககாவ்டாக் அரட்டைச் செயலி, டாக்சி, பணப் பரிமாற்றம், வரைபடம் எல்லாம் ஒருசேர நின்றுபோயின. அத்தனையும் முழுதாகத் திரும்ப 127 மணி 30 நிமிடம் பிடித்தது என்று அரசு பின்னர் கணக்குச் சொன்னது.

கடைசியாக எழுந்து உட்கார்ந்தவற்றில் மின்னஞ்சலும் ஒன்று. 1997-இல் ஹன்மெயில் என்ற பெயரில் தொடங்கிய, கொரியாவின் முதல் இலவச வலைவழி மின்னஞ்சல் சேவை ககாவின் பொறுப்பில்தான் இருந்தது. அதன் பெட்டிகள் நாட்கணக்கில் திறக்கவில்லை.

அந்த நாட்களில் வெளியூர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் அந்தப் பெட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள் என்ன ஆகும்? வாங்க ஆளில்லை, எனவே தொலைந்திருக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றும். விதிப்படி அவை தொலையக் கூடாது. அனுப்பிய சர்வர்களிலேயே வரிசையில் நின்று, மறுமுனை உயிர்பெறும்வரை திரும்பத் திரும்பக் கதவைத் தட்ட வேண்டும். ஒரு தரவு மையம் சாய்ந்து இன்னொன்று எழுந்து நிற்கும் இடைவெளியில் அஞ்சலைத் தாங்கிப் பிடிப்பது இந்தப் பழைய ஏற்பாடுதான். புதிய இயந்திரங்களும் புதிய மென்பொருள்களும் அதன் மேல் ஏறி நிற்பவை.

இனி இது என் பொறுப்பு

ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்குக் கடிதம் போகும்போது இரண்டும் பேசிக்கொள்ளும் முறைக்கு எஸ்எம்டிபி என்று பெயர். 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் அதை எழுத்தில் வடித்தார். திருத்தங்களோடு இன்றைக்கும் நடப்பது அதுவே. அந்தப் பேச்சை ஒட்டுக்கேட்டால் வேடிக்கையாக இருக்கும். அனுப்பும் சர்வர் வணக்கம் சொல்லித் தன் பெயரைச் சொல்கிறது. இன்னாரிடமிருந்து ஒரு கடிதம் என்கிறது. ‘250’ என்று பதில் வருகிறது. சரி என்று பொருள். இன்னாருக்குச் சேர வேண்டும் என்கிறது. மறுபடி 250. கடிதத்தைத் தரலாமா என்கிறது. ‘354’, அதாவது தா. கடிதம் வரிவரியாகப் போகிறது. முடிந்துவிட்டது என்று காட்டுவதற்கு, வேறெதுவும் இல்லாத ஒரு வரியில் ஒற்றைப் புள்ளி.

அந்தப் புள்ளிக்குப் பிறகு வரும் 250-தான் மொத்தப் பேச்சிலும் கனமானது. அதைச் சொன்ன மறுகணம் கடிதத்துக்கான பொறுப்பு கைமாறிவிடுகிறது. ஏற்றுக்கொண்ட சர்வர் கடிதத்தைச் சேர்ப்பிக்க வேண்டும். முடியாவிட்டால் முடியவில்லை என்று எழுதியவருக்குச் சொல்ல வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. பிறகு கணினி படுத்துவிட்டது, இடம் போதவில்லை என்ற சாக்கெல்லாம் செல்லாது என்று விதிநூல் வெளிப்படையாகவே சொல்கிறது. பதிவுத் தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டால் அதன் பிறகு தபால்காரரைக் கேட்க முடியுமா? அந்த மாதிரி.

அதனால்தான் ஒழுங்காக எழுதிய அஞ்சல் மென்பொருள் அவசரப்பட்டு 250 சொல்வதில்லை. கடிதம் நினைவகத்தில் மட்டும் இருக்கும்போது சொல்லிவிட்டால், அடுத்த நொடி கரன்ட் போனால் கடிதமும் போச்சு, வாக்கும் போச்சு. வட்டில் எழுதச் சொல்லி, எழுதியாயிற்று என்ற உறுதி கிடைத்த பிறகே வாயைத் திறக்கும்.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. 250 புறப்பட்டுவிட்டது, வழியில் இணைப்பு அறுந்துவிட்டது. வாங்கியவருக்கு வாங்கியது தெரியும். அனுப்பியவருக்கோ தெரியாது. புள்ளி வைத்த பிறகு பத்து நிமிடம் வரை பதிலுக்குக் காத்திருக்கச் சொல்கிறது விதி; அதற்கு மேலும் பதில் இல்லையென்றால்? ஒப்புகைக்கு ஒப்புகை கேட்டுக்கொண்டே போனாலும் இது தீராது என்பது 1970-களிலேயே தெரிந்துவிட்டது. கணினியியலில் இதற்கு ‘இரு தளபதிகள் சிக்கல்’ என்று பெயர். தீராத சிக்கலில் மின்னஞ்சல் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டது. சந்தேகம் வந்தால் இன்னொரு தடவை அனுப்பிவிடு. ஒரே கடிதம் இரண்டு பிரதி வந்தால் படிப்பவர் ஒன்றை அழித்துவிடுவார். வராமலே போனால் யாரும் எதுவும் செய்ய முடியாது. எப்போதாவது உங்கள் பெட்டியில் ஒரே கடிதம் இரட்டையாகக் கிடந்தால், எங்கோ ஒரு 250 வழியில் காணாமல் போனதாகவும் இருக்கலாம்.

பிறகு வா என்பதும் ஆள் இல்லை என்பதும்

சர்வர்கள் மறுப்பதில் இரண்டு வகை. 4-இல் தொடங்கும் எண் வந்தால், இப்போது முடியாது, பிறகு வா என்று அர்த்தம். 5-இல் தொடங்கினால் எப்போதும் முடியாது, இனி வராதே. மறுமுனை பேசவே இல்லை, இணைப்பே கிடைக்கவில்லை என்றாலும் அது முதல் வகையில்தான் சேரும். அனுப்பிய சர்வர் கடிதத்தைத் தன் வரிசையில் நிறுத்தி வைத்து, இடைவெளி விட்டு விட்டு முயலும். குறைந்தது அரை மணி நேர இடைவெளி, கைவிடுவதற்கு முன் குறைந்தது நான்கைந்து நாள் பொறுமை என்று விதிநூல் பரிந்துரைக்கிறது. உலகெங்கும் பரவலாக ஓடும் போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருள், யாரும் அமைப்பை மாற்றாத வரை, ஐந்து நாள் காத்திருக்கும்.

இந்தப் பொறுமையை நம்பி ஒரு குப்பை அஞ்சல் தடுப்பே உருவானது. 2003-இல் வந்த அந்த உத்தியின்படி, முன்பின் தெரியாத சர்வர் எது வந்து தட்டினாலும் முதல் தடவை ‘பிறகு வா’ என்று திருப்பி அனுப்பிவிட வேண்டும். நியாயமான சர்வர் திரும்பி வரும். லட்சக்கணக்கில் வாரி இறைக்கும் குப்பைக்காரர்களுக்குத் திரும்பி வரப் பொழுதிருக்காது.

எனவே மையம் ஒன்று சாயும்போது, உள்ளே வரும் அஞ்சலைப் பொறுத்தவரை மௌனம் ஆபத்தில்லை. உயிரோடிருந்து தவறான பதில் சொல்வதுதான் ஆபத்து. 2020 டிசம்பர் 15 அன்று ஜிமெயிலில் நடந்தது அதுதான். கூகுள் தன் உள் அமைப்புகளில் ஒன்றை இடம் மாற்றிக்கொண்டிருந்தது. அந்த மாற்றத்தில், ‘ஜிமெயில்.காம்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் செல்லாத ஒரு பெயர் போய் உட்கார்ந்துவிட்டது. சர்வர்கள் நன்றாகவே ஓடின. பெட்டிகளும் பத்திரமாகவே இருந்தன. ஆனால் வரும் அஞ்சலை வாங்கும் இடம், நிஜமான பல முகவரிகளைத் தேடிப் பார்த்து, அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று 550 சொல்லித் திருப்பியது. அனுப்பியவர்கள் நம்பினார்கள், நம்புவதுதானே விதி! அப்படிப் பதில் வந்தால் முகவரியைப் பட்டியலிலிருந்து தானாகவே அடித்துவிடும் மென்பொருள்கள் எத்தனையோ. கூகுள் பிழையைச் சில மணி நேரத்தில் சரிசெய்தது. திரும்பிப்போன கடிதங்கள் தாமாக மறுபடி வரவில்லை. கம்பியே அறுந்து கிடந்திருந்தால் அவை வரிசையில் நின்றிருக்கும்.

மாற்று மையத்தை எழுப்புகிறவர்கள் இதைக் கண்ணுக்குள் வைத்துக்கொள்கிறார்கள். பயனாளர் பட்டியல் முழுதாக வந்து சேராத சர்வரை வாசலில் நிறுத்தக் கூடாது. தெரியாத பெயர் வந்தால், சந்தேகம் தீரும்வரை 4 சொல்லட்டும், 5 வேண்டாம்.

முகவரியைத் திருப்பிவிடுதல்

கடிதத்தோடு வருகிறவருக்கு எந்தக் கட்டடத்துக்குப் போவது என்று யார் சொல்வது? 1983-இல் பால் மொகபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ் என்னும் பெயரேடுதான். 1986-இல் அதில் அஞ்சலுக்கென்றே எம்எக்ஸ் என்ற பதிவு சேர்ந்தது. முகவரியில் @ குறிக்குப் பின் வரும் ஒவ்வொரு பெயருக்கும் பல சர்வர்களைக் குறிப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்கலாம். சின்ன எண்ணுக்கு முதல் மரியாதை. 10 என்ற எண்ணுடைய சர்வர் பேசாவிட்டால் 20-க்குப் போ. மாற்று மையத்துக்குப் பாதை காட்டும் பலகை, தரவு மையங்கள் இன்றைய அளவுக்குப் பெருகுவதற்கு வெகு காலம் முன்பே நட்டாயிற்று.

பலகை இருந்தால் போதாது. அந்த 20-ஆம் எண் சர்வரை ஒப்புக்கு வைத்திருப்பவர்கள் அதிகம். முதன்மை வாசலில் குப்பையை வடிகட்டும் காவல் கடுமையாக இருக்கும், பின்வாசலில் ஏனோதானோ. குப்பைக்காரர்களுக்கு இது அத்துப்படி. முதன்மைச் சர்வர் நன்றாக ஓடும் நாட்களிலும் வேண்டுமென்றே பின்வாசலுக்குப் போவார்கள். அங்கே பயனாளர் பட்டியலும் இல்லையென்றால், வந்ததையெல்லாம் வாங்கிவிட்டு, பிறகு சேர்க்க முடியாமல், போலியாகப் போட்ட அனுப்புநர் முகவரிகளுக்கெல்லாம் திருப்பி அனுப்பும். சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவரின் பெட்டி நிறையும்.

பெயரேட்டை மாற்றி எழுதியவுடன் உலகம் திரும்பிவிடுவதும் இல்லை. இந்தப் பதிலை இத்தனை நொடி வைத்துக்கொள் என்று ஒவ்வொரு பதிவிலும் ஓர் ஆயுள் குறித்திருக்கும். 86,400 என்று குறித்திருந்தால் ஒரு நாள் முழுக்கப் பழைய முகவரியையே பிடித்துக்கொண்டு சிலர் நிற்பார்கள். 300 என்றால் ஐந்து நிமிடம். தீ பிடித்த பிறகு இந்த எண்ணைக் குறைத்துப் பயனில்லை. பழைய எண் ஏற்கெனவே ஊரெல்லாம் போய்விட்டது. அமைதியான நாளிலேயே குறைத்து வைத்திருக்க வேண்டும்.

வெளியே போகும் அஞ்சலுக்கு வேறொரு வில்லங்கம். எங்கள் பெயரில் அஞ்சல் அனுப்பும் உரிமை இந்தச் சர்வர்களுக்கு மட்டுமே என்று நிறுவனங்கள் எஸ்பிஎஃப் என்ற பட்டியலை வெளியிடுகின்றன. மாற்று மையத்தின் எண்கள் அதில் இல்லையென்றால், உங்கள் சொந்த நிறுவனத்தின் கடிதமே மோசடிக் கடிதமாக மறுமுனையில் பிடிபடும். பட்டியலில் இருந்தாலும்கூட, இதுவரை ஒரு கடிதமும் அனுப்பாத ஓர் எண்ணிலிருந்து திடீரென்று ஆயிரக்கணக்கில் கொட்டினால் பெரிய அஞ்சல் நிறுவனங்கள் புருவத்தை உயர்த்தும். நல்ல பெயர் ஒரே நாளில் வராது. அதனால் சாதாரண நாட்களிலும் அஞ்சலில் ஒரு பங்கை மாற்று மையம் வழியாக அனுப்பிப் பழக்குவதுண்டு.

ஒளியின் வேகம் போதவில்லை

இதுவரை பார்த்தது வழியில் இருக்கும் கடிதம். ஏற்கெனவே வந்து பெட்டியில் கிடக்கும் கடிதங்களின் கதை வேறு. மறுமுனைச் சர்வர் ஐந்து நாள் பொறுக்கும். பெட்டியைத் திறக்கப் பார்க்கும் மனிதர் ஐந்து நிமிடம் பொறுக்க மாட்டார். மாற்று மையத்தில் அவருடைய பெட்டியின் பிரதி தயாராக இருக்க வேண்டும். எவ்வளவு புதிய பிரதி என்பதில்தான் இயற்பியல் குறுக்கே வருகிறது.

கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகிறது. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரு மையம் என்றால் போய்வரக் குறைந்தது 10 மில்லிநொடி. சென்னைக்கும் மும்பைக்கும் நேர்க்கோட்டில் ஏறக்குறைய அவ்வளவு தூரம். கேபிள் வளைந்து நெளிந்து போவதால் இன்னும் கூடும். அருகிலுள்ள வேகமான வட்டில் எழுத ஒரு மில்லிநொடிகூட ஆகாது. ஒவ்வொரு கடிதத்துக்கும், படித்தாயிற்று என்ற ஒவ்வொரு குறிக்கும், மறு மையத்தில் எழுதியாயிற்றா என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வேன் என்றால் சேவை நத்தையாகிவிடும். இரண்டு மையங்களையும் பக்கத்தில் வைத்தால் வேகம் கிடைக்கும். ஆனால் ஒரே தீ, ஒரே வெள்ளம் இரண்டையும் கொண்டுபோகும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் ஒரு தரவு மையம் முற்றாக எரிந்தது; ஒட்டியிருந்த இன்னொன்றிலும் ஒரு பகுதி சேதம். அசலையும் பிரதியையும் ஒரே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள்.

ஆகவே தூரத்து மையத்துக்குச் சற்றுப் பின்தங்கி அனுப்புவதே வழக்கம். இந்தப் பின்தங்கலுக்கு விலை உண்டு: முதன்மை மையம் திடீரென்று அணைந்தால் கடைசிச் சில நொடிகளில் நடந்தது மறுபக்கம் வந்திருக்காது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் சர்வரில் இதைப் பச்சையாகவே பார்க்கலாம். பெட்டியில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு மெகாபைட் அளவுள்ள லாக் கோப்புகளாக எழுதப்பட்டு, பிரதி இருக்கும் இடத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். முதன்மை செத்துவிட்டால், எத்தனை கோப்புகள் விடுபட்டிருந்தால் பிரதியைத் தானாகவே பணியில் ஏற்றலாம் என்று நிர்வாகி முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். ஒன்றுகூட விடுபடக் கூடாது, 6 வரை பரவாயில்லை, 12 வரை பரவாயில்லை என மூன்று நிலைகள். எவ்வளவு இழக்கத் தயார், எவ்வளவு நேரம் முடங்கிக் கிடக்கத் தயார் என்ற கேள்வியை இவ்வளவு நேரடியாகக் கேட்கும் திரைகள் குறைவு.

விடுபட்டதை மீட்கவும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 2013 பதிப்பிலிருந்து, பெட்டியில் சேர்த்து முடித்த கடிதங்களையும் அஞ்சலைக் கடத்தும் சர்வர்கள் உடனே தூக்கிப் போடுவதில்லை. இரண்டு நாள் வைத்துக்கொள்கின்றன. பிரதி பணியேற்றதும், நான் இந்த நேரம் முதல் எதையாவது தவறவிட்டிருக்கலாம், அந்தக் கடிதங்களையெல்லாம் மறுபடி தாருங்கள் என்று கேட்கிறது. அவை திரும்ப வருகின்றன. ஏற்கெனவே இருப்பவை அடையாளம் காணப்பட்டு ஒதுக்கப்படுகின்றன. இரண்டு தடவை வந்தாலும் சரி, வராமல் போகக் கூடாது என்ற அந்தப் பழைய சாய்வு இங்கேயும் வேலை செய்கிறது.

செத்தானா, தூங்குகிறானா?

எப்போது மாறுவது? கேள்வி எளிது, விடை எளிதில்லை. மாற்று மையம் முதன்மை மையத்தை நொடிக்கு நொடி கூப்பிட்டுப் பார்க்கிறது. பதில் இல்லை. முதன்மை செத்துவிட்டதா? அல்லது அது நன்றாக இருந்து, நடுவில் கம்பி மட்டும் அறுந்ததா? அல்லது வேலைப்பளுவில் பதில் சொல்லத் தாமதமா? வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். பதில் வர உச்சவரம்பில்லாத வலையில், ஒரேயொரு கணினி செத்துப்போகக் கூடும் என்றாலே, மீதியுள்ளவை எப்போதும் ஒருமித்த முடிவுக்கு வந்தே தீரும் என்று உறுதி சொல்லும் நிச்சயமான வழிமுறை எதுவும் இருக்க முடியாது. 1985-இல் ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் என்ற மூவர் இதைக் கணிதமாகவே நிறுவினார்கள்.

தவறாக முடிவெடுத்தால் என்ன ஆகும்? ஓர் உறையில் இரண்டு கத்தி. இரண்டு மையங்களும் தானே முதன்மை என்று நினைத்துக்கொண்டு தனித்தனியே எழுதத் தொடங்கும். 2018 அக்டோபர் 21 அன்று, நிரலாளர்களின் பண்டகசாலையான கிட்ஹப்பில் பழுதான ஒளியிழைக் கருவி ஒன்றை மாற்றும்போது அமெரிக்கக் கிழக்குக் கரை மையத்தின் இணைப்பு 43 நொடி துண்டித்தது. அந்த இடைவெளிக்குள் தானியங்கி மென்பொருள் மேற்குக் கரையை முதன்மையாக்கிவிட்டது. கிழக்கில் எழுதப்பட்டு மேற்குக்குப் போய்ச் சேராத பதிவுகள் இருந்தன. மேற்கிலோ புதிய பதிவுகள் குவியத் தொடங்கின. மிகவும் பரபரப்பான ஒரு தரவுத்தளத் தொகுப்பில் கிழக்கில் சிக்கியவை 954. இரண்டையும் சமன்செய்து சேவையைச் சீராக்க 24 மணி 11 நிமிடம் ஆனது. இணைப்பு அறுந்திருந்ததோ ஒரு நிமிடம்கூட இல்லை.

இதற்கு நடைமுறையில் கண்ட வழி, வாக்கெடுப்பு. இரண்டு மையங்களுக்கு அப்பால் மூன்றாவது இடத்தில் ஒரு சிறிய சாட்சிக் கணினியை வைப்பார்கள். அதில் கடிதம் எதுவும் இருக்காது. ஓட்டு மட்டும் உண்டு. இணைப்பு அறுந்தால், சாட்சியையும் சேர்த்துப் பெரும்பான்மை யார் பக்கம் கிடைக்கிறதோ அந்த மையம் தொடரும். பெரும்பான்மை கிடைக்காத மையம் தன் உடம்பில் ஒரு கோளாறும் இல்லாவிட்டாலும் தானாகவே விலகிவிட வேண்டும்.

கரன்ட் போய்த் திரும்பி வரும் மையம் இன்னும் அபாயமானது. தான் அணைந்திருந்தபோது அரசு மாறிவிட்டது அதற்குத் தெரியாது. எழுந்ததும் பழைய அதிகாரத்திலேயே பெட்டிகளைத் திறக்கப் பார்க்கும். எக்ஸ்சேஞ்சில் இதைத் தடுக்க ஒரேயொரு பிட் போதுமானதாக இருக்கிறது. ஒவ்வொரு சர்வரும் எழும்போது தன்னிடம் 0 என்று குறித்துக்கொள்ளும். 1 வைத்திருக்கும் இன்னொரு சர்வரோடு, அல்லது குழுவிலுள்ள எல்லாச் சர்வர்களோடும் பேசிய பிறகுதான் அது 1 ஆகும். அதுவரை எந்தப் பெட்டியையும் தொடக் கூடாது.

தாங்குமா தோள்?

சரியான நேரத்தில் சரியாக மாறியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு மையத்தின் சுமை இனி ஒரு மையத்தின் தலையில். 2009 பிப்ரவரி 24 அன்று ஐரோப்பாவிலுள்ள கூகுளின் ஒரு மையத்தில் வழக்கமான பராமரிப்பு. அந்த மையத்தின் ஜிமெயில் பயனாளர்களை வேறொரு மையத்துக்கு மாற்றுவது அன்றாட வேலைதான். பயனாளருக்கு அருகிலேயே அவருடைய தரவை வைக்க முயலும் புதிய நிரல் ஒன்று அப்போது ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கவிளைவாக ஐரோப்பாவின் இன்னொரு மையத்தில் சுமை கட்டுமீறியது. அது திணற, பாரம் அடுத்ததற்கு. அதுவும் திணற, அதற்கடுத்ததற்கு. சுமார் இரண்டரை மணி நேரம் உலகெங்கும் ஜிமெயில் தடுமாறியது. அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று, சில சர்வர்களை மேம்படுத்தலுக்காக இறக்கியபோது, மீதியிருந்த வழிகாட்டிக் கணினிகள் ஒவ்வொன்றாக ‘எனக்கு அனுப்பாதே’ என்று கைவிரித்துத் தங்கள் பங்கை அடுத்தவர் தலையில் கட்டின. ஏறக்குறைய 100 நிமிடம் முடக்கம். இரண்டு முறையும் எதுவும் எரியவில்லை, உடையவில்லை.

பிரதிகள் எத்தனை இருந்தாலும் அவை சேமக்காப்பு ஆகிவிடாது என்பதையும் ஜிமெயில்தான் காட்டியது. 2011 பிப்ரவரி இறுதியில் சேமிப்பு மென்பொருளில் நுழைந்த ஒரு பிழை, பயனாளர்களில் 0.02 சதவீதத்தினரின் கடிதங்களைக் காணாமல் ஆக்கியது. பல மையங்களில் இருந்த பிரதிகளிலும் அவை இல்லை. பிரதியெடுக்கும் இயந்திரம் நல்லதையும் கெட்டதையும் ஒரே விசுவாசத்தோடு எடுத்துக்கொண்டு போகும். கைகொடுத்தது காந்த நாடா. வலையில் இணைக்காமல் தனியே இருந்ததால் அந்தப் பிழையால் அதை எட்ட முடியவில்லை. நாடாவிலிருந்து மீட்க மணிக்கணக்கில், சிலருக்கு அதற்கும் மேலே, ஆயிற்று. ஆனால் மீண்டது.

சாவி எங்கே இருக்கிறது?

ககாவுக்கு மாற்று மையங்கள் இல்லாமல் இல்லை. பல தரவுகளின் பிரதிகள் வேறு மையங்களில் பத்திரமாகவே இருந்தன. 2022 டிசம்பரில் கொரிய அரசு வெளியிட்ட ஆய்வு முடிவில் தெரிய வந்தது வேறு. காத்திருக்கும் சர்வர்களைப் பணியில் ஏற்றுவதற்கான நிர்வாகக் கருவிகளுக்கும் பிரதி உண்டு. ஆனால் அந்தப் பிரதியும் பான்க்யோவிலேயே இருந்தது. எழுப்புகிற கை எரியும் கட்டடத்துக்குள் மாட்டிக்கொண்டது. அதே கட்டடத்தில் இடம் வைத்திருந்த நேவர் நிறுவனத்துக்கும் அடி விழுந்தது. முதன்மை மையத்தைச் சுன்சியோனில் சொந்தமாக வைத்திருந்ததால் அதன் சேவைகள் 20 நிமிடத்திலிருந்து 12 மணி நேரத்துக்குள் திரும்பிவிட்டன.

இப்படிப்பட்ட ஓட்டையை வரைபடத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். ஒருநாள் நிஜமாகவே மாறிப் பார்த்தால் பத்தாவது நிமிடத்தில் பல்லிளித்துவிடும். 2024 மார்ச் 2, சனிக்கிழமை அன்று இந்தியாவின் தேசியப் பங்குச் சந்தை அப்படித்தான் செய்தது. காலை 9.15 முதல் 10 மணி வரை முதன்மை மையத்திலிருந்து வர்த்தகம், பிறகு 11.30 முதல் 12.30 வரை சென்னையிலுள்ள மாற்று மையத்திலிருந்து. பாவனை இல்லை, நிஜப் பணம், நிஜப் பங்கு. அஞ்சல் சேவைகளை நடத்தும் பெரிய நிறுவனங்களிலும் இந்த ஒத்திகை உண்டு. பாதி மனத்தோடு செய்பவர்கள், போன பிறகு திரும்பி வருவதை ஒத்திகை பார்ப்பதில்லை. திரும்பி வருதல் இன்னொரு முழு மாற்றம். மாற்று மையத்தில் சேர்ந்த புதிய கடிதங்களைப் பழைய மையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பழைய மையத்தில் சிக்கி நின்ற கடைசி நொடிகளின் கடிதங்களை எடுத்துக் கோக்க வேண்டும். அதன் பிறகே முகவரியைத் திருப்பலாம். அவசரத்தில் போனவர்கள் ஆற அமரத் திரும்புவதே நல்லது.

1982-இல் கம்பி அடிக்கடி அறுந்தது, கணினி அடிக்கடி படுத்தது. மறுமுனை இப்போது இல்லாமல் இருக்கலாம் என்பதை இயல்பாக எடுத்துக்கொண்டு அன்றைக்கு விதி எழுதினார்கள். அந்த மனப்பாங்கிலிருந்து வந்த ஐந்து நாள் பொறுமைதான் இன்றைக்கும் தரவு மையம் எரிந்தாலும் கடிதத்தைக் காப்பாற்றுகிறது. ஆனால் அதே குழாய் வழியாக நாம் இப்போது அனுப்புவது என்ன? பத்து நிமிடத்தில் காலாவதியாகும் ஓடிபி, இன்றே முடியும் விண்ணப்பத்துக்கான இணைப்பு, கதவைத் திறக்கும் கடவுச்சொல் மீட்புக் கடிதம். வரிசையில் நின்று மூன்றாம் நாள் பத்திரமாக வந்து சேரும் ஓடிபி, விதிப்படி வெற்றி. வாங்கியவருக்கு வெறும் ஆறு இலக்கம். போஸ்டல் எழுதிய விதி கடிதம் தொலையாது என்று மட்டுமே வாக்குக் கொடுத்தது. உடனே வரும் என்று ஒருபோதும் சொல்லவில்லை. அந்த இரண்டாவது வாக்கை நாமாக எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டோம். அதைக் காப்பாற்றும் பாரம் முழுக்க, ஒரு மையம் சாயும்போது இன்னொன்றை நிமிடக்கணக்கில் எழுப்ப வேண்டிய ஆட்களின் மேல் இருக்கிறது.